வரி நிலுவைக் காணி: ஒன்ராறியோ விலைமனுவா, நோவா ஸ்கோஷியா ஏலமா, ஈடு கொடுத்தவர் விற்கும் வீடா?

ஒன்ராறியோவில் வீட்டு விலைகளைப் பார்த்துக் களைத்தவர்களின் கண்ணில் என்றாவது ஒருநாள் அந்த விளம்பரம் பட்டுவிடும். ஏதோ ஒரு சிறு நகரசபை, ஒரு முகவரி, அதற்குக் கீழே ‘குறைந்தபட்ச விலைமனுத் தொகை 14,000 டொலர்’ என்ற ஒரு வரி. பார்த்த வேகத்தில் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். விலைமனு என்பது, வாங்க விரும்புபவர் தான் தரும் விலையை எழுதி மூடிய உறையில் கொடுப்பது. அந்த 14,000 காணியின் விலை இல்லை. அது காணியின் தலையில் ஏறியிருக்கும் கடன்: கட்டாத சொத்துவரி, தண்டம், வட்டி, நகரசபைக்கு ஏற்பட்ட செலவு எல்லாம் சேர்ந்த தொகை. காணி உண்மையில் என்ன பெறும் என்று ஆராய வேண்டிய கடமை நகரசபைப் பொருளாளருக்குச் சட்டப்படி இல்லை. நல்ல விலைக்கு விற்க வேண்டிய கடமையும் இல்லை. ஆராயும் வேலை முழுவதும் வாங்குபவரின் தோளில்தான் விழுகிறது.

கனடாவில் இப்படி வாங்க ஒரே வழி இல்லை. மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு. அவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: பழைய உரிமையாளர் கடனைக் கட்டித் தன் காணியை மீட்டுக்கொள்ளும் காலம் விற்பனைக்கு முன்னா, பின்னா? ஒன்ராறியோவில் முன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பின். நோவா ஸ்கோஷியாவில் நிலுவை எத்தனை ஆண்டுப் பழையது என்பதைப் பொறுத்தது. உங்கள் பணம் எவ்வளவு காலம் முடங்கும், எப்போது சாவி கையில் வரும், ஆராய்ச்சியை எப்போது முடித்திருக்க வேண்டும் என்பவையெல்லாம் இதற்குள்தான் அடங்கியிருக்கின்றன.

ஒன்ராறியோ: உறுதி உடனே, உள்ளே பார்க்க வழியில்லை

2001ஆம் ஆண்டின் நகரசபைகள் சட்டமும் அதன் கீழான வரிவிற்பனை விதிகளும் வகுத்த ஒழுங்கு இது. ஓர் ஆண்டின் வரி, அதற்கடுத்த இரண்டாம் ஆண்டின் ஜனவரி 1இலும் நிலுவையில் நின்றால் பொருளாளர் காணிப் பதிவேட்டில் நிலுவைச் சான்றிதழைப் பதியலாம். உதாரணமாக, 2023இன் வரி 2025 ஜனவரி 1இலும் கட்டப்படாமல் இருந்தால் பதியலாம். பதிந்த 60 நாட்களுக்குள் உரிமையாளருக்கும், ஈடு கொடுத்தவர் போன்ற உரித்துள்ளவர்களுக்கும் அறிவித்தல் போகும். சான்றிதழ் பதிந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு அவகாசம். அந்த ஆண்டுக்குள் முழுத்தொகையையும் யார் கட்டினாலும் சான்றிதழ் நீங்கிவிடும். ஆண்டு முடிவதற்குள் நகரசபையோடு தவணை உடன்படிக்கை செய்துகொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தனியே வாழும் முதியவர்கள் சிலர் இந்தக் கடிதங்களைப் பிரிக்காமலே மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுகிறார்கள். உங்கள் உறவிலோ அயலிலோ அப்படி யாரும் இருந்தால், விளம்பரத்தைத் தேடுவதற்கு முன் அந்த இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆண்டு கடந்தபின் விளம்பரம் வரும்: ஒன்ராறியோ வர்த்தமானியில் ஒரு முறை, உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒன்றாக நான்கு வாரம். வர்த்தமானி சனிக்கிழமைகளில் வெளியாகிறது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நகரசபைகளின் இணையத்தளங்களிலும், சந்தா வாங்கும் தனியார் பட்டியல்களிலும் இதே தகவல்தான் இருக்கும். தனியார் பட்டியலுக்குப் பணம் கொடுப்பதில் ஒரு பயன் உண்டு. பழைய விற்பனைகளில் எத்தனை விலைமனு வந்தது, முதலாவது எவ்வளவு, இரண்டாவது எவ்வளவு என்ற விபரங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், வென்றவர் தேவையில்லாமல் கொடுத்த பணம். ஒரே வட்டாரத்தின் பத்து விற்பனைகளைப் பார்த்தாலே எவ்வளவு எழுதலாம் என்று கை பழகிவிடும்.

நான்கு வார விளம்பரத்துக்குள் ஆராய்ச்சி முழுவதையும் முடிக்க வேண்டும். பின்வரும் வரிசையில் போனால் கெட்ட காணிகள் செலவில்லாமலே முதலில் கழிந்துவிடும்.

முதலில் விளம்பரத்திலுள்ள இரண்டு எண்கள். 19 இலக்க வரிப்பதிவு எண் ஒன்று, காணிப் பதிவேட்டின் 9 இலக்க அடையாள எண் மற்றது. முகவரியை நம்பாதீர்கள், ஒரே முகவரியில் இரண்டு துண்டுகள் இருக்கலாம். வீடு ஒரு எண்ணில், வீட்டுக்குப் பின்னாலுள்ள சேற்றுத்துண்டு வேறோர் எண்ணில் இருக்கும். விற்பனைக்கு வருவது சேற்றுத்துண்டாக இருக்கும். மாவட்டங்களின் இணைய வரைபடங்களில் வரிப்பதிவு எண்ணைப் போட்டால் எல்லைக்கோடு தெரியும். குறிப்பாகப் பார்க்க வேண்டியது அகலம். குடியிருப்புகளை அமைத்த நிறுவனங்கள் தெருவோரம் 0.3 மீற்றர் அகலத்தில், அதாவது ஓர் அடியில், ஒதுக்குத்துண்டு விடுவது வழக்கம். அந்த நூல்போன்ற துண்டும் வரி நிலுவைப் பட்டியலில் வரும். அதில் ஒரு கதிரை போடவும் இடம் போதாது.

விளம்பரத்தில் மதிப்பீட்டுப் பெறுமதியும் போட்டிருப்பார்கள். அது ஒன்ராறியோவில் சொத்துக்களை வரிக்காக மதிப்பிடும் எம்பாக் நிறுவனத்தின் கணக்கு, 2016 ஜனவரி 1 நிலவரத்தை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய விலையை அதிலிருந்து ஊகிக்க முடியாது. அயலில் அண்மையில் விற்ற காணிகளின் விலையை ஒரு முகவரிடம் கேட்டுப் பெறுவதே சரி.

அடுத்தது ஒன்லாண்ட், ஒன்ராறியோ காணிப் பதிவேட்டின் இணையத்தளம். 9 இலக்க எண்ணைக் கொடுத்து, கட்டணம் செலுத்தினால் பதிவேட்டின் பிரதி வரும். அதில் ஈடுகளைப் பார்த்துப் பதற வேண்டாம். வரிவிற்பனை உறுதி பதிவானதும் வங்கி ஈடும் தனியார் கடனும் காணியிலிருந்து விலகிவிடும். விலகாதவை மூன்று. காணியோடு ஓடும் வழியுரிமைகளும் கட்டுப்பாட்டு உடன்படிக்கைகளும் முதலாவது. மத்திய, மாகாண அரசுகளின் உரித்து இரண்டாவது. உறுதி பதிவாகுமுன் அயல்காணிக்காரர் நீண்டகால அனுபவத்தால் ஏற்கெனவே பெற்றுவிட்ட உரிமை மூன்றாவது. ஆகவே பிரதியில் கனடா வருவாய்த்துறையின் பெயர் வருகிறதா, உரிமையாளர் பெயர் ஒரு கம்பனியா, அந்தக் கம்பனி கலைக்கப்பட்டதா என்று பாருங்கள். கலைக்கப்பட்ட கம்பனியின் காணி அரசைச் சேர்ந்துவிடும் என்பதால் அங்கே அரச உரித்து என்ற கேள்வி எழும். இந்த ஒரு புள்ளிக்காகச் சட்டத்தரணிக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு இல்லை.

மூன்றாவது, நகரசபையின் திட்டமிடல் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ‘இதில் வீடு கட்டலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தனித்தனியாகக் கேளுங்கள்: வலயப் பிரிவு என்ன (அதாவது எந்தப் பாவனைக்கு ஒதுக்கிய இடம்), அந்த வலயத்தில் ஒரு துண்டுக்குக் குறைந்தபட்ச பரப்பும் முகப்பு அகலமும் என்ன, முன்னாலுள்ள தெரு நகரசபை பராமரிப்பதா, பனிக்காலத்திலும் வழிப்பார்களா? வரைபடத்தில் தெருவாகக் கோடு போட்டிருக்கும், நேரில் போனால் காடு நிற்கும். அது ஒருபோதும் திறக்காத தெரு ஒதுக்கீடு. பராமரிக்கப்படும் தெருவில் முகப்பு இல்லாத துண்டுக்குப் பல நகரசபைகள் கட்டட அனுமதி கொடுப்பதில்லை. வட ஒன்ராறியோவிலும் குடிசைவீட்டு (கொட்டேஜ்) வட்டாரங்களிலும் மலிவாகக் கிடக்கும் காணிகளில் கணிசமானவை இந்த வகைதான். அதே அழைப்பில், காணிமீது கட்டட ஒழுங்குக் கட்டளை, இடிப்புக் கட்டளை ஏதும் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். ஆறு, குளம், சதுப்பு நிலம் அருகிலிருந்தால் அந்தப் பகுதியின் இயற்கைப் பாதுகாப்புச் சபையிடமும் விசாரிக்க வேண்டும். வெள்ளப்படுகைக்குள் விழுந்த துண்டில் வலயம் அனுமதித்தாலும் அவர்கள் அனுமதிக்க மாட்டார்கள். நகரக் கழிவுநீர்க் குழாய் இல்லாத இடமென்றால் மலக்குழித் தொகுதிக்குப் போதிய இடமும் மண்ணும் இருக்க வேண்டும்.

நான்காவது, பழைய பாவனை. மூலையில் நிற்கும் வெற்றுத்துண்டு முன்பு பெற்றோல் நிலையமாக இருந்திருந்தால், நிலத்துக்குள் தாங்கி இன்னும் கிடக்கலாம். உலர்சலவைக் கடை, பழைய இரும்புக் கிடங்கு ஆகியவையும் அப்படித்தான். மாசு விடயத்தில் நகரசபை எந்த உத்தரவாதமும் தராது. துப்புரவாக்கும்படி வரும் அரச கட்டளை புதிய உரிமையாளரைத் தேடித்தான் வரும், அந்தச் செலவு காணியின் விலையை விழுங்கிவிடும். நகர நடுவே, பெறுமதிக்கு ஒவ்வாத சிறு தொகையில் வர்த்தகக் காணி ஒன்று வந்தால் முதலில் எழ வேண்டிய சந்தேகம் இதுதான். கடன் கொடுத்த வங்கியே அந்த வரியைக் கட்டிக் காணியைக் காப்பாற்ற முன்வரவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கடைசியாக நேரில் போங்கள், ஆனால் பொதுத்தெருவில் நின்று மட்டும் பாருங்கள். விற்பனை முடியும்வரை அது இன்னொருவரின் வீடு, வளவுக்குள் கால் வைப்பது அத்துமீறல். தெருவில் நின்றே நிறையத் தெரிந்துகொள்ளலாம். சுவரில் மின்மானி இருக்கிறதா, கழற்றியிருக்கிறார்களா? பனிக்காலமென்றால் வண்டிப்பாதையில் சக்கரத்தடம் இருக்கிறதா? புகைக்குழாயைச் சுற்றிக் கூரை உருகியிருந்தால் உள்ளே சூடு ஓடுகிறது, ஆள் இருக்கிறது. சூடு இல்லாமல் ஒரு பனிக்காலம் கழிந்த வீட்டில் தண்ணீர்க்குழாய்கள் வெடித்திருக்கும், சுவர்களுக்குள் பூஞ்சணம் ஏறியிருக்கும். கூரையின் முதுகு நேராக இருக்கிறதா, நடுவில் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அயலவரிடம் பேசினால் பதிவேட்டில் இல்லாத செய்திகளும் கிடைக்கும்.

ஆள் இருந்தால்? நகரசபை வீட்டை வெறுமையாக்கித் தராது, விளம்பரத்திலேயே அப்படி எழுதியிருக்கும். வாடகைக்கு இருப்பவரென்றால் வீட்டு உரிமையாளர்–வாடகையாளர் சபை வழியாகத்தான் போக வேண்டும். பழைய உரிமையாளரே இருந்தால் நீதிமன்றம். ஒரு குடும்பத்தை வெளியேற்றும் வேலையை உங்கள் கையால் செய்ய வேண்டி வரும் என்பதை விலைமனு எழுத முன்பே வீட்டில் இருந்து பேசி முடிவெடுங்கள். மனம் இடம்தராதவர்கள் வெற்றுக்காணிகளோடு நின்றுகொள்வது நல்லது.

விலைமனு எங்கே தவறும்

பொது ஏலமும் சட்டத்தில் உண்டு, ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் முத்திரையிட்ட விலைமனுதான். ஒரு காணிக்கு 41,000 டொலர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வைப்புப்பணம் எழுதும் தொகையின் 20 வீதத்துக்குக் குறையக்கூடாது, எனவே 8,200. அது வங்கி வரைவோலையாகவோ, காசுக்கட்டளையாகவோ, வங்கி சான்றுப்படுத்திய காசோலையாகவோ நகரசபையின் பெயருக்கு இருக்க வேண்டும். சாதாரணக் காசோலை செல்லாது. நிராகரிக்கப்படும் மனுக்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: வங்கிக்குப் போய் 40,000க்குக் கணக்கிட்டு 8,000க்கு வரைவோலை எடுப்பார்கள், வழியில் மனம் மாறி 41,000 என்று எழுதுவார்கள். வரைவோலை 200 டொலர் குறைந்துவிடும், மனு குப்பைக்குப் போகும். வரைவோலையைச் சற்றுக் கூட்டி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

‘வீடு வெறுமையாக இருந்தால்’, ‘கடன் கிடைத்தால்’ என்று ஒரு நிபந்தனை சேர்த்தாலும் மனு செல்லாது. ஒரு மனுவில் ஒரு காணி மட்டும். விதிகளில் சொன்ன படிவத்திலேயே எழுதி, உறையை ஒட்டி, வெளியே இது வரிவிற்பனைக்கான மனு என்பதையும் எந்தக் காணி என்பதையும் குறிக்க வேண்டும். கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் பொருளாளர் கையில் சேர வேண்டும். மனதை மாற்றினால் அதே 3 மணிக்குமுன் எழுத்தில் கேட்டு மனுவை மீளப்பெறலாம். இரண்டு மனுக்களில் ஒரே தொகை வந்தால் முதலில் வந்து சேர்ந்ததே மேலானதாகக் கொள்ளப்படும். அதனால் 41,000 என்று உருண்டையாக எழுதாமல் 41,260 என்று எழுதுவது நல்ல பழக்கம்.

திறந்தபின் மேலே உள்ள இரண்டு மனுக்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களின் வைப்பைத் திருப்பிவிடுவார்கள். வென்றவருக்கு அறிவித்தல் தபாலில் போட்ட நாளிலிருந்து 14 நாள். கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. அதற்குள் மீதித்தொகை, விளம்பரத்துக்குப் பின் சேர்ந்த வரி, காணி மாற்றுவரி, பொருந்துமானால் எச்.எஸ்.ரி. விற்பனை வரி எல்லாம் கட்ட வேண்டும். 41,000க்கு மாகாணக் காணி மாற்றுவரி அரை வீதப்படி 205 டொலர்தான். 1,40,000 என்றால் 1,125 டொலர். தவறினால் வைப்புப்பணம் பறிபோகும், வாய்ப்பு இரண்டாமவருக்குப் போகும். பதினான்கு நாளுக்குள், உள்ளே போய்ப் பார்க்காத வீட்டுக்கு எந்த வங்கியும் ஈட்டுக்கடன் தராது. ஆகவே இது ரொக்கம் வைத்திருப்பவருக்கோ, இருக்கிற வீட்டின் மீது ஏற்கெனவே கடன்வசதி திறந்து வைத்திருப்பவருக்கோ உரிய வழி. உறுதி கிடைத்தபின்னும் வரிவிற்பனை உறுதி என்பதால், உரித்தில் குறை வந்தால் காக்கும் உரித்துக் காப்புறுதியும் புதிய ஈடும் எடுப்பதில் இழுபறி வரலாம். மனு போடுமுன்பே உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு வையுங்கள்.

நோவா ஸ்கோஷியாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும்

நோவா ஸ்கோஷியாவில் விற்பனை ஏலமாகவோ விலைமனுவாகவோ நடக்கும். அங்கே பட்டியலில் நீங்கள் தேட வேண்டியது ஒரே சொல்: மீட்கக்கூடியதா, இல்லையா. விற்பனை நாளில் நிலுவை ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருந்தால் மீட்பு உரிமை இல்லை, உறுதி வந்துவிடும். ஆறுக்குக் குறைந்தால் பழைய உரிமையாளருக்கும் ஈடு கொடுத்தவருக்கும் ஆறு மாதம் அவகாசம். அவர்கள் மீட்டால் உங்கள் பணம் ஆண்டுக்கு 10 வீத வட்டியோடு திரும்பும். அந்த ஆறு மாதமும் காணியைப் பாவிக்கலாம், ஆனால் அதன் பெறுமதியைக் குறைக்கக்கூடாது, மரம் தறிக்கக்கூடாது. சமையலறையை உடைத்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினால், மீட்கப்படும் நாளில் அந்தச் செலவு கையைவிட்டுப் போகும்.

அங்கே வேறொரு சிக்கலும் உண்டு: பழைய பண்ணைக்காணிகளின் எல்லைகள் ‘இன்னாரின் வேலியிலிருந்து ஓடைவரை’ என்ற மட்டிலேயே எழுதப்பட்டிருக்கலாம். புதிய பதிவுமுறைக்கு மாற்றப்படாத காணி என்றால் சட்டத்தரணி உரித்தைச் சான்றுப்படுத்தி மாற்ற வேண்டும், நில அளவைச் செலவும் சேரலாம். ரொறன்ரோவில் இருந்துகொண்டு வாங்குபவர் அளவைக்கும் ஓரிரு பயணத்துக்கும் பணம் ஒதுக்காமல் இதில் இறங்கக்கூடாது. மீட்பு இல்லாத வெற்றுக்காணி, தெருமுகப்பு, அளவைத் திட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் ஒன்ராறியோவைவிட இது நல்ல பேரம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் நகரசபைகளின் ஏலம் செப்டெம்பர் மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு. வன்கூவருக்கு மட்டும் தனிச் சட்டம். ஏலம் எடுத்தபின் உரிமையாளருக்கு ஓர் ஆண்டு மீட்புக்காலம், அதுவரை அவரே அங்கே இருப்பார், உங்களுக்குக் குடிபுகும் உரிமை இல்லை. மீட்டால் வட்டியோடு பணம் வரும். வன்கூவர் தீவிலோ பிரேசர் பள்ளத்தாக்கிலோ நல்ல வீடொன்றை அத்தனை சிறு கடனுக்காகப் பெரும்பாலும் யாரும் ஓர் ஆண்டு கழியும்வரை விட்டுவைக்க மாட்டார்கள், வங்கியாவது கட்டிவிடும். வீடு தேடுபவருக்கு இது ஒத்துவராது. ஓராண்டுக்குப் பணத்தைத் தொடாமல் இருக்க முடிந்தவர் வட்டிக்காக வேண்டுமானால் செய்யலாம்.

ஈடு கொடுத்தவர் விற்கும் வீடு

வரி நிலுவையோடு பலர் குழப்பிக்கொள்ளும் வழி இது. ஒன்ராறியோவில் ஈட்டுத்தவணை கட்டாதபோது கடன் கொடுத்தவர் ‘பவர் ஒஃப் சேல்’ முறையில் வீட்டை விற்கிறார். இங்கே பேரம் சிறியது, ஏனென்றால் அவருக்கு நியாயமான விலை பெறும் பொறுப்புண்டு, வீடும் வழமையான சந்தைப் பட்டியலிலேயே வரும். ஆனால் உள்ளே போய்ப் பார்க்கலாம், பரிசோதகரைக் கூட்டிச் செல்லலாம், ஈட்டுக்கடன் எடுக்கலாம், சாதாரண உரித்துக் காப்புறுதி கிடைக்கும். இருக்கிற நிலையில் விற்பார்கள், உத்தரவாதம் இல்லை.

குடும்பத்தோடு குடியிருக்க வீடு தேடுபவர், சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் போடுபவர், இந்த வழியைத்தான் எடுக்க வேண்டும். வரி நிலுவை வீட்டில் மிச்சம் பிடிக்கும் தொகையைக் கூரையும் குழாயும் வழக்கும் தின்றுவிடலாம். ஒன்ராறியோ விலைமனு பொருந்துவது வெற்றுக்காணி தேடுபவருக்கு, வடக்கே குடிசைவீடு கட்டப் பொறுமை உள்ளவருக்கு, எல்லாவற்றையும்விடப் பக்கத்துத் துண்டுக்காரருக்கு. வெளியாருக்குப் பயனற்ற பாதையில்லாத் துண்டு அவருக்குப் பின்வளவு ஆகும். அவர் கவனிக்க வேண்டியது, இரண்டு துண்டுகளும் ஒரே பெயரில் வந்தால் திட்டமிடல் சட்டப்படி ஒன்றாகச் சேர்ந்துவிடலாம், பிறகு தனியே விற்கப் பிரிப்பு அனுமதி வேண்டும்.

பெயர் விடயத்தை மனு எழுதும் மேசையிலேயே முடிவு செய்யுங்கள். மனுவில் யார் பெயரோ அவர் பெயருக்குத்தான் உறுதி எழுதப்படும். அண்ணன் தம்பி சேர்ந்து போடும் பணத்தில், கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாத ஒருவர் வீட்டுக்கு இணை உரிமையாளரானால், அவருடைய பங்குக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 25 வீத ஒன்ராறியோ வதியாதோர் வரி வரலாம். 2027 ஜனவரி 1 வரை நீடிக்கப்பட்ட மத்திய அரசின் வெளிநாட்டார் வீடு வாங்கும் தடையும் நகரப் பகுதிகளில் குறுக்கே நிற்கும். இலண்டனிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் உறவினர் பணம் தருகிறார் என்றால், அதைக் கடனாக எழுதிக்கொண்டு பெயரை இங்குள்ளவரோடு நிறுத்தலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்டபின் படிவத்தை நிரப்புங்கள்.